ரகோவ்னா நிலையத்தின் ஜன்னல்

எங்கள் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஜனவரியில், மூன்று அரசர் திருநாள் கழிந்த முதல் சனிக்கிழமை, பழைய பள்ளிக்கூடத்தின் நிலவறையில் கூடுவோம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. அந்த வருஷத்துக்குள் தன் மாடல் ரயிலிலோ அதைச் சுற்றிய ஊரிலோ எதை முடிக்கப் போகிறார் என்று அதில் எழுதி எல்லார் முன்னிலையிலும் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் போன வருஷத்துச் சீட்டைப் படிக்க வேண்டும். சொன்னதைச் செய்யாதவர் நிலவறைத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தலைவர் ஆர்னோஷ்ட் ஒன்பது வருஷமாக "தேவாலயக் கோபுரத்தை முடிப்பேன்" என்று எழுதினார். ஒன்பது வருஷமாகத் தரையும் கழுவினார்.

"யோவ், கோபுரத்தை விட்டுத் தொலை. 'தரை கழுவுவேன்'னு எழுது. ஒரு தடவையாவது சொன்னதைச் செஞ்ச மாதிரி இருக்கும்" என்பேன்.

"வாயை மூடு க்வேதா. கலைன்னா நாளாகும்."

நான் க்வேதா. சிக்னல் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வயர் இழுத்தவள். சங்கத்தில் பெண் என்றால் நான் ஒருத்திதான். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுப்பது என் வேலை. மேலே மரம் நட்டுப் புல் தூவுகிறவர்களுக்குத்தான் கண்காட்சியில் கைதட்டல். கீழே கிடப்பவளுக்கு முதுகுவலி. அதைப் பற்றி இன்னொரு நாள் திட்டிக்கொள்கிறேன். இப்போது லூபோரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லூபோர் ஹன்ஸ்லிக் எங்களோடு சேர்ந்தது இரண்டாயிரத்து நான்கில். அறுபத்து நான்கு வயது. உயரமான ஆள். கதவு தாழ்வாக இருக்கிறதோ இல்லையோ, எங்கே நுழைந்தாலும் குனிந்தே நுழைவார். பதினைந்து வயதில் ரயில்வேயில் சேர்ந்து முப்பதில் ரகோவ்னாவின் ஸ்டேஷன் மாஸ்டர் ஆனவர். நாற்பத்து நான்கு வயதில் தானே எழுதிக் கொடுத்து, பக்கத்து ஊர் நிலையத்தில் பார்சல் கவுண்டருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அங்கே ஜன்னல் கிடையாது. ஓய்வு பெறும்வரை அங்கேயே பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். மனைவி எப்போதோ மகனைக் கூட்டிக்கொண்டு ப்ர்னோவுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குக்கூட அந்த மகன் வந்து நான் பார்த்ததில்லை.

அவர் மாற்றல் கேட்டதற்கான காரணம் ஊருக்கே தெரியும். எண்பத்து நான்கு பிப்ரவரியில் ரகோவ்னாவுக்கு வெளியே, ஒற்றைத் தண்டவாளத்தில், கூட்ஸ் வண்டியும் எதிரே வந்த ஒற்றைப் பெட்டிப் பயணி வண்டியான ரயில் பஸ்ஸும் மோதிக்கொண்டன. காலை ஒன்பதே முக்கால். பனி உறைந்து கிடந்தாலும் நல்ல வெயில். ஆறு பயணிகளும் இரண்டு டிரைவர்களும் செத்துப் போனார்கள். கூட்ஸ் டிரைவர் உத்தரவு இல்லாமலே வண்டியைக் கிளப்பியிருந்தார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி வேறு. நிலைய அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த லூபோர் ஜன்னல் வழியாக அந்த வண்டி நகர்வதைப் பார்த்திருந்தால், தண்டவாளங்கள் பிரியும் கோடிப் பாயிண்டைத் தாண்டி நின்ற ரயில்வே கேட்டுக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். கேட் கீப்பர் சிவப்புக் கொடியோடு ஓடியிருப்பான். ரயில் பஸ் நின்றிருக்கும்.

"பார்க்கவில்லை. ஜன்னலுக்கும் பாயிண்டுக்கும் நடுவில் கூட்ஸ் ஷெட் மறைக்கிறது" என்றார் லூபோர். விசாரணைக் குழு வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தது. கோடு ஷெட்டின் மூலையைத் தொட்டும் தொடாமலும் போனது. ஒத்துக்கொண்டு கோப்பை மூடினார்கள்.

ஒத்துக்கொள்ளாதவள் ஒருத்தி இருந்தாள். மிலாதா கொஸெலோவா, ரயில் பஸ் டிரைவர் ராடிமின் மனைவி. அன்றைக்கு அவளுக்கு முப்பது வயது, கையில் ஆறு வயதுப் பெண். அதற்குப் பிறகு லூபோர் தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவாள். பிப்ரவரி மாதம் மட்டும் ஒதுங்க மாட்டாள். ரொட்டிக்கடை வரிசையில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்:

"ஜன்னலோரம் உக்கார வெச்சு சம்பளம் கொடுத்தாங்க. கண்ணை எங்க அடகு வெச்சுட்டு வந்தாரோ!"

வரிசையில் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். லூபோர் ரொட்டியை வாங்கிக்கொண்டு, தொப்பியைத் தொட்டு அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். ஒரு தடவை நானே பார்த்தேன். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அவள் ஏன் இப்படிக் கொட்டுகிறாள்? இந்த மனுஷன் ஏன் வாங்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறான்?

தொண்ணூற்றெட்டில் நிலையக் கட்டடத்தையும் கூட்ஸ் ஷெட்டையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது அங்கே ஒரு கம்பமும் ஒரு பெஞ்சும்தான். தெரிந்ததா தெரியவில்லையா என்று இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது.

இந்த லூபோர்தான் தன் முதல் ஜனவரியில் சீட்டைப் பிரித்துப் படித்தார்: "ரகோவ்னா நிலையம். எண்பத்து நான்கில் இருந்தபடி. இந்த ஆண்டு மேஜையும் பலகையும். நீளம் ஐந்து மீட்டர் நாற்பது."

ஆர்னோஷ்ட் சிரித்துவிட்டார். எங்கள் ரயில்கள் நூற்றிருபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் நிஜ நிலையத்தை வைத்தால் நீளம் எங்கேயோ போய்விடும் என்று எல்லாரும் சுருக்குவோம். நாலு பெட்டி வண்டியை நிறுத்த முன்னூறு மீட்டர் பிளாட்பாரம் எதற்கு? மூன்றில் ஒன்றாக நறுக்கி, வளைவை இறுக்கி, அசிங்கமான இடத்தில் ஒரு மரத்தை நட்டு மறைப்போம். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. இதில் கில்லாடியாக இருப்பவனைத்தான் நல்ல கைக்காரன் என்போம்.

"லூபோர், ரெண்டு மீட்டர் போதும்யா. யாரு டேப் வெச்சு அளக்கப் போறா?" என்றார் ஆர்னோஷ்ட்.

"நான் அளப்பேன்."

"அந்த ஷெட்டையாவது கொஞ்சம் பின்னால தள்ளிக்கோ. கண்காட்சில ஜனங்க பார்வையை மறைக்கும்."

"ஷெட்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் நான் கட்டுறதுல அர்த்தமே இல்ல."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆர்னோஷ்ட் சிரிப்பை விழுங்கினார். அதன் பிறகு யாரும் அவரிடம் சுருக்கு, நறுக்கு என்று வாய் திறக்கவில்லை.

வருஷத்துக்கு ஒரு சீட்டு. இரண்டாவது வருஷம் தண்டவாளமும் பாயிண்டுகளும். மூன்றாவது வருஷம் கூட்ஸ் ஷெட் மட்டும். ஒரு ஷெட்டுக்கு ஒரு வருஷமா என்று கேட்கலாம். காப்பகத்திலிருந்து வரைபடம் வாங்கினார். இடிப்பதற்கு முன் யாரோ எடுத்த கல்யாணப் போட்டோவில் பின்னால் தெரிந்த பலகைகளை எண்ணினார். இடித்த இடத்துக்கே போய், புல்லை விலக்கி அஸ்திவாரக் கல்லைத் தேடி அளந்துகொண்டு வந்தார். நான்காவது வருஷம் நிலையக் கட்டடம். ஐந்தாவது வருஷம் அலுவலகத்தின் உள்ளே மேஜை, போன், நாற்காலி, சுவர்க் கடிகாரம். அரிசி மணி அளவுக்கு ஒரு போன் செய்தார், தெரியுமா? கட்டடத்துக்குப் பின்சுவர் வைக்கவில்லை. மேஜை விளிம்பில் நின்று குனிந்து, திறந்த பின்பக்கத்தில் கண்ணை வைத்தால், நாற்காலியில் உட்கார்ந்த ஸ்டேஷன் மாஸ்டரின் பார்வை அப்படியே கிடைக்கும்.

அந்த ஏழு வருஷமும் அவர் ஒரு தடவைகூடத் தரை கழுவவில்லை. சொன்னதைச் சொன்ன வருஷத்தில் முடித்த ஒரே ஆள் எங்கள் சங்கத்தில் அவர்தான். மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. அவருக்கு வேலை. தொத்திறைச்சியை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறுகையால் சரளைக் கல் ஒட்டுவார். கடுகுச் சாந்து சட்டையில் ஒழுகுவதுகூடத் தெரியாது.

"கண்டுபிடிச்சு என்னய்யா பண்ணப் போறே?" என்று ஒரு நாள் கேட்டேன். மேஜைக்கு அடியில் படுத்திருந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, செருப்புதான் தெரிந்தது.

"தெரிஞ்சாகணும் க்வேதா."

"தெரியாதுன்னுதானே அன்னிக்கே சொன்னே?"

செருப்பு அந்தப் பக்கமாகத் திரும்பியது. "சிவப்பு வயரை எடு" என்றார். நானும் எடுத்துக் கொடுத்தேன். அத்தோடு விட்டேன். மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது இப்போது.

ஆறாவது வருஷம் கண் போனது. முழுக்க இல்லை. நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்துவிட்டது. எதைப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது, அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பலன் இல்லை. ஊரில் சில நாக்குகள், "மிலாதா சாபம் பலிச்சிருச்சு" என்று பேசின. எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் லூபோர் வேலையை நிறுத்தவில்லை. பாக்கி இருந்த வேலிக் கம்பங்களை விரல் நுனியால் தடவித் தடவியே நட்டார்.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜனவரி. அவரால் எழுதவும் முடியவில்லை, படிக்கவும் முடியவில்லை. அவர் சொல்ல நான் எழுதினேன். என் முறை வரும்போது என் சீட்டைப் படித்தேன், பிறகு அவருடையதை:

"இந்த வருஷம் ரகோவ்னா அலுவலக ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் மிலாதா கொஸெலோவா."

ஆர்னோஷ்ட் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"லூபோர், நல்லா யோசிச்சியா? தெரிஞ்சுதுன்னா?"

"தெரிஞ்சா தெரியட்டும்."

"ஊரே உன்னைப் பொய்யன்னு சொல்லும்."

"அவ பார்க்கட்டும். நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொன்னாலும் நம்ப மாட்டா. அவ கண்ணால பார்க்கட்டும்."

மிலாதாவிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"பொம்மை ரயிலா? என் புருஷன் செத்த இடத்தைப் பொம்மையாக் கட்டியிருக்காரா?"

"பொம்மைதான். ஆனா அளவு சரியா இருக்கும். நான் பொறுப்பு."

ஆமாம், அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். நான் பொறுப்பு. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சனிக்கிழமை பத்து மணிக்கு வரேன்" என்று கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மட்டும் நிலவறைக்குப் போனேன். பாயிண்ட் மோட்டார் ஒன்று மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது, மறுநாள் மானம் போகக்கூடாது இல்லையா? சரிசெய்தேன். கூட்ஸ் வண்டியைக் கோடிப் பாயிண்டுக்கு அனுப்பிப் பார்த்தேன், ஓடியது. வேலை முடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். எனக்கு எங்கே அந்தப் புத்தி? விளிம்பில் குனிந்து, திறந்த பின்பக்கத்தில் கண்ணை வைத்தேன்.

தெரிந்தது. ஷெட்டின் மூலைக்கும் சிக்னல் கம்பத்துக்கும் நடுவில் பச்சை எஞ்சின் முழுசாக நின்றது. ஏதோ ஒரு ஓரம் எட்டிப் பார்க்கிறது என்றால்கூட வாதாடலாம். முகப்பு விளக்குகூட எண்ணும்படி தெரிந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஆள் தலையைத் தூக்கினாலே போதும்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பாவம், அன்றைக்கு இந்த மனுஷன் ஏதோ ரிஜிஸ்டரில் தலையைக் கவிழ்த்திருப்பான், நிமிர்ந்தே பார்த்திருக்க மாட்டான், ஷெட் மறைத்தது என்று தானும் நம்பிவிட்டான், இருபத்தேழு வருஷமாக அதை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், நாளைக்கு மிலாதா தன் வாயாலேயே அதை உடைப்பாள், கண்ணும் போய் மானமும் போய் அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். கூரையில் கயிற்றை மாட்டுவான் என்றும் நினைத்தேன். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

எழுந்தேன். தட்டையான புட்டிக் கத்தியை எடுத்தேன். ஷெட்டின் அடியில் மெல்ல நுழைத்து, நான்கு பக்கமும் பசையை விடுவித்துத் தூக்கினேன். தண்டவாளத்துப் பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்து ஒட்டினேன். பழைய இடத்தில் சரளைத் தூள் தூவி, பசைத்தண்ணீர் சொட்டு விட்டு, மேலே நாலு புல் கொத்து நட்டேன். வருஷம் பூராவும் நாங்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். அசிங்கமான இடத்தை மறைப்பது. அரை மணி நேரம் ஆகியிருக்கும். மறுபடி கண்ணை வைத்துப் பார்த்தேன். ஷெட்டின் பலகைச் சுவர், அதற்குப் பக்கத்தில் வெறும் சிக்னல் கம்பம். எஞ்சினைக் காணோம். கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நிம்மதியாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

சனிக்கிழமை மிலாதா பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தாள். கறுப்புக் கோட்டு, கம்பளித் தொப்பி, கையில் பை. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. லூபோர் நன்றாகத் தேய்த்த சட்டை போட்டு, சவரம் செய்துகொண்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் குனியாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எங்க பார்க்கணும்?" என்றாள்.

"இங்க வாங்க. இந்த விளிம்புல. கன்னம் பலகையில படுற மாதிரி குனியணும்" என்றார் லூபோர். "நாற்காலி தெரியுதா? நாற்காலிக்கு மேல ஜன்னல். அது வழியா வெளிய பாருங்க. க்வேதா, வண்டியை அனுப்பு."

நான் ஸ்விட்சைத் தள்ளினேன். கூட்ஸ் வண்டி கோடிப் பாயிண்டை நோக்கிப் போனது. தண்டவாளத்தின் கரகரப்பைத் தவிர வேறு சத்தம் இல்லை.

"என்ன தெரியுது?"

"ஒரு பலகைச் சுவர். கொட்டகை."

"அதுக்கு வலப்பக்கம்?"

"ஒரு கம்பம்."

"ரெண்டுக்கும் நடுவுல பாருங்க. பச்சையா எஞ்சின் இருக்கும்."

"இல்லையே."

"நல்லாப் பாருங்கம்மா. அவசரமே இல்ல. மூலைக்குப் பக்கத்துல. பச்சை. முன்னால விளக்கு இருக்கும்." குரல் உயர்ந்துவிட்டது. ஆர்னோஷ்ட் என்னைப் பார்த்தார். நான் ஸ்விட்சுப் பலகையைப் பார்த்தேன்.

மிலாதா வெகுநேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது கன்னத்தில் பலகையின் தடம் பதிந்திருந்தது.

"ஒண்ணும் தெரியல, ஹன்ஸ்லிக் ஐயா. கொட்டகைதான் தெரியுது. நீங்க அன்னிக்குச் சொன்ன மாதிரியேதான்."

லூபோரின் வாய் திறந்தது. மிலாதா பையைக் கீழே வைத்துவிட்டு, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தேழு வருஷம் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ரொட்டிக்கடையில, கல்லறையில, ஊர் முன்னால. நீங்க ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. நான் பெரிய பாவி." உடைந்து அழ ஆரம்பித்தாள். சங்கத்து ஆட்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆர்னோஷ்ட் தொப்பியைக் கழற்றிவிட்டார். லூபோர் மட்டும் நட்டு வைத்த கட்டை மாதிரி நின்றார்.

அவள் போன பிறகு, மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தோளைத் தட்டிவிட்டுப் போன பிறகு, அவர் மேஜையை ஒட்டி மெல்ல நடந்தார். பிளாட்பாரத்தின் ஓரத்தை விரலால் தொட்டார். அங்கிருந்து ஷெட்டின் மூலைவரை கட்டைவிரலை வைத்து அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு விரல் கீழே இறங்கி, நான் நட்ட புல்லைத் தடவியது.

"இது யாரு நட்டது?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "நான்தான்" என்றேன். "நேத்து. பார்த்தேன் லூபோர். எஞ்சின் தெரிஞ்சுது. நீ தாங்க மாட்டேன்னு..."

"எஞ்சின் தெரியும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நான் பார்த்தேன் க்வேதா. அன்னிக்கே பார்த்தேன். காபி கையில இருந்துச்சு. எஞ்சின் நகர்ந்துச்சு. பெட்டி மாத்தற ஷன்டிங்னு ஏமாந்தேன்னு நினைக்காதே. பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. போனை எடுத்துட்டேன்."

"அப்புறம்?"

"கேட்டுக்குப் போன் பண்ணினா ரிஜிஸ்டர்ல ஏறும். என் நிலையத்துல வண்டி உத்தரவு இல்லாம கிளம்புச்சுன்னு ஏறும். அதுக்கு முந்தின மாசந்தான் ஒரு எச்சரிக்கை வாங்கியிருந்தேன். டிரைவரே நிறுத்திருவான், சிக்னலைப் பார்த்துருவான்னு நினைச்சேன். முப்பது செகண்ட். அவ்வளவுதான் நின்னேன். போனை வெச்சுட்டு, மறுபடி எடுக்கறப்ப கேட்டுலேர்ந்தே மணி அடிச்சுட்டான். ரயில் பஸ் தாண்டிருச்சுன்னு."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு தடவையாவது அவகிட்ட போய்ச் சொல்லியிருக்கலாமேய்யா?"

"எத்தனை தடவை அவ வாசலுக்குப் போயிருக்கேன் தெரியுமா? வாய் வரல. மணியைக்கூட அடிச்சதில்ல. வாயால வராததைத்தான் கையால கட்டினேன். அவளே பார்க்கட்டும், பார்த்துட்டுத் திரும்பி என்னைக் கேக்கட்டும், அப்ப ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு. ஒரு வார்த்தைதான். அதுக்கு ஏழு வருஷம்." விரலை ஷெட்டின் மூலையிலிருந்து எடுத்தார். "நீ அதையும் பிடுங்கிட்டே."

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். இப்போதே நகர்த்திவிடுகிறேன், அடுத்த சனிக்கிழமை மறுபடி கூப்பிடுவோம், பழி என் மேலேயே இருக்கட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமையே மிலாதா அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். கசகசா வைத்துத் தன் கையால் சுட்ட கேக்கோடு. கல்லறைக்குப் போய் ராடிமிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். விபத்துக்குப் பிறகு முதல் முறையாக மாத்திரை போடாமல் தூங்கினாளாம். இதையெல்லாம் லூபோர்தான் என்னிடம் சொன்னார்.

"சொன்னியா?"

"தூங்கினேன்கிறா. எப்படிச் சொல்றது?"

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் போனாள். அவருக்குச் சட்டை துவைத்தாள், தபால் படித்துக் காட்டினாள். அவர் கண்ணுக்காகத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ரொட்டிக்கடையில் அவர் கையைப் பிடித்து வரிசையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். ஊர் பார்த்து உருகியது. அந்த மனுஷன் மாதத்துக்கு மாதம் இளைத்தார். கேக்கை மட்டும் ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்காமல் தின்பார், அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க. நிலவறைக்கு அவர் பிறகு வரவே இல்லை. ஷெட்டைப் பழைய இடத்தில் வைக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். என் இஷ்டமாம்!

நவம்பரில் இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் எழுதினார். மகன் வந்தான், மூன்று மணி நேரம் இருந்தான், போனான். மற்ற எல்லாவற்றையும் மிலாதாதான் பார்த்தாள். கல்லறை வாசலில் என்னை நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"க்வேதாம்மா, ஒரு உதவி. என் பொண்ணு இவெத்தா இன்னும் நம்ப மாட்டேங்கறா. உன்னை ஏமாத்திட்டாங்க, அந்தாளு பார்த்திருக்கான்னே சொல்றா. இன்னிக்குச் சாவுக்குக்கூட வரல. ஆறு வயசுல அப்பாவைப் பறிகொடுத்தவ, அவ மனசும் ஆறணும் இல்லையா? அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டு வரேன். நீங்கதான் காட்டணும்."

"கூட்டிட்டு வாங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை நிலவறைக்குப் போனேன். புட்டிக் கத்தியை எடுத்து ஷெட்டின் அடியில் வைத்தேன். பசை நன்றாக இறுகியிருந்தது. ஆனாலும் அரை மணி நேர வேலைதான். கத்தியைப் பிடித்தபடி நின்றேன். மிலாதா மாத்திரை இல்லாமல் தூங்குகிறாள் என்று நினைத்தேன். செத்தவர் பெயர் எதற்குக் கெட வேண்டும் என்று நினைத்தேன். அளவுக்கு நான் பொறுப்பு என்று சொன்னவள் நான் என்பதும் நினைவில் இல்லாமல் இல்லை. ஆர்னோஷ்டுக்குத் தெரிந்தால், ஊருக்குத் தெரிந்தால், ரொட்டிக்கடை வரிசையில் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார்கள் என்றும் நினைத்தேன். கத்தியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.

இவெத்தா வந்தாள். முப்பத்து மூன்று வயது, அப்பாவின் முகம். ஜன்னலில் கண்ணை வைத்தாள். நான் வண்டியை அனுப்பினேன். கரகரவென்று போய் ஷெட்டுக்குப் பின்னால் நின்றது.

அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "சரிம்மா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இதை ஏன் இத்தனை வருஷம் யாரும் எங்களுக்குக் காட்டல?"

"கட்டி முடிக்க நாளாயிருச்சும்மா" என்றேன்.